பனிக்கோட்டுக்கு ஒரு கண்ணாடி அலமாரி

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புது வீடுகள் எழும்பிக்கொண்டிருக்கும் ஒரு தெருவில் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. கீழ்த்தளத்தில் மதுவும் மளிகையும் சலுகை விலையில் கிடைக்கும் ராணுவ கேன்டீன். மாதத்தின் முதல் வாரத்தில் அதன் வரிசை தெருமுனை வரை நீளும். பக்கவாட்டுப் படிக்கட்டில் ஏறினால் மாடியில் ஓர் அறை. கதவுக்கு மேல் ‘ராணுவ வரலாற்று அருங்காட்சியகம்’ என்று எழுதிய பலகை. கீழே வரிசையில் நிற்பவர்களில் மேலே வந்து பார்த்தவர்கள் மிகக் குறைவு.

“கீழ பாட்டிலு, மேல பதக்கம். ஜனம் எங்க ஜாஸ்தி நிக்கும்னு நீங்களே சொல்லுங்க சார்” என்றார் சங்கத்தின் செயலாளர், நான் முதல் தடவை அங்கே போனபோது. சுபேதார் மேஜராக ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லோருக்கும் அவர் மேஜர். நான் ஒரு நாளிதழின் மாவட்ட நிருபர். அறையில் இருக்கும் பொருள்களை வைக்கக் கண்ணாடி அலமாரி வேண்டும், சங்கத்திடம் அதற்குப் பணம் இல்லை, பேப்பரில் செய்தி வந்தால் யாராவது கொடுப்பார்கள் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்.

அறையைச் சுற்றிப் பார்த்தேன். சுவர் ஓரமாகக் கறுப்புப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றன. ஒவ்வொன்றிலும் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர், ஒரு எண், ஒரு ஊர். பர்மா போருக்குப் போன யாரோ ஒருவரின் தண்ணீர்க்குடுவை, சாப்பாட்டுத் தகர டப்பா, பனியில் கண் கூசாமல் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கண்ணாடி, வேலை செய்யாத ஒயர்லெஸ் பெட்டி, பித்தளைக் குண்டுக் கூடுகள். பதக்கங்கள் பிஸ்கட் டப்பாவில் இருந்தன. கடிதங்கள் பாலித்தீன் பையில். துணிகளெல்லாம் பெட்டிக்குள். ஜன்னல் பக்கச் சுவரில் கரையான் மண்கோடு போட்டு ஏறியிருந்தது. அதை மேஜர் தினமும் மண்ணெண்ணெய் வைத்துத் துடைப்பதாகச் சொன்னார். மறுநாள் கோடு இன்னொரு பக்கம் கிளம்பும்.

எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் பட்டாளத்துக்குப் போவது ஒரு தொழில். கழனி போதாத வீட்டில் ஒரு பையன் போவான். லீவில் வருவான், பெட்டியோடு திரும்பிப் போவான். ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பெட்டி வீட்டில் நெல் விதையோ பழைய பாத்திரமோ வைக்க ஆகும். அப்படி ஆகாமல் தப்பித்தவற்றை மேஜர் ஊர் ஊராகப் போய்க் கேட்டு வாங்கி வந்திருந்தார். வாங்கும்போது ஒவ்வொரு வீட்டிலும் ஒரே வாக்குறுதி கொடுத்திருந்தார்: கண்ணாடிக்குள் வைப்போம்.

அந்த வாக்குறுதியைப் பிடித்துக்கொண்டு கேட்டவர் ஒரு பெண். கீழ்பென்னாத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் சத்துணவு அமைப்பாளர். பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு வருபவர், நடக்கத் தொடங்கும் முன் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வேங்கிக்காலுக்கு வந்துவிட்டுத்தான் போவார். நான் மேஜரோடு பேசிக்கொண்டிருந்த ஒரு பௌர்ணமி மாலை அவர் படியேறி வந்தார். கையில் தண்ணீர் பாட்டில், தோளில் துணிப்பை.

“அண்ணா, பெட்டியத் தொறங்க. பாத்துட்டுப் போறேன்.”

மேஜர் மூன்றாவது அடுக்கிலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் திறந்தார். அந்துருண்டை வாசனை வந்தது. உள்ளே மடித்து வைத்த ஒரு பனிக்கோட்டு. வெள்ளையாக இருந்து பழுப்பேறியது, கனமானது. நெஞ்சுப் பக்கம் ‘நேம் டேப்’ என்கிற துணிப்பட்டியில் இந்தி எழுத்தில் பெயர் தைத்திருந்தது. அவருடைய கணவரின் பெயர். பனிச்சரிவில் இறந்தவர். பெண் குழந்தை பிறந்த செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தது, குழந்தையைப் பார்க்க லீவு வரவில்லை.

அந்தப் பெண் கோட்டை வெளியே எடுக்கவில்லை. காலரை மட்டும் விரித்து, பூச்சி அரித்திருக்கிறதா என்று பார்த்தார். கைமடிப்பில் ஒரு இடத்தில் நூல் பிரிந்திருந்தது.

“இது போன மாசம் இல்லியே.”

“புதுசா வந்த பூச்சிம்மா. மருந்து போட்டுட்டேன்.”

“வீட்டுல இருந்தா நானே போட்டிருப்பனே. எதுக்கு உங்ககிட்ட குடுத்தேன்?”

மேஜர் என்னைப் பார்த்தார். “இவரு பேப்பர்ல எழுதப் போறாரு தங்கச்சி. அலமாரி வந்துடும்.”

“ரெண்டு மழையா வந்துகினே இருக்குது உங்க அலமாரி. பென்னாத்தூரு கடைசி பஸ்ஸு கூட இதுக்கு முந்தி வந்துடும்.”

பிறகு அவர் என்னிடம் திரும்பி விஷயத்தைச் சொன்னார். மகள் வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தை மாதம் கல்யாணம். அப்பாவை அவள் போட்டோவில்தான் பார்த்திருக்கிறாள், அதுவும் மார்பளவு போட்டோ. சின்ன வயதிலிருந்து ஒரே கேள்வி: அப்பா எவ்வளவு உயரம்? சுவரில் கையை வைத்துக் காட்டினால், போன தடவை இன்னும் மேலே காட்டினாயே என்பாளாம்.

“வூட்டுல ஆணியில மாட்டினா அது துணி சார். கண்ணாடிக்குள்ள, காலரு பட்டனெல்லாம் போட்டு நின்னா ஒரு ஆளு மாதிரி இருக்கும். அவ எதுர்ல போய் நின்னு பாத்துக்கட்டும். தீபத்துக்குள்ள நடக்கலைன்னா நான் எடுத்துக்கறேன். சீர் சாமானோட பொண்ணு கூட அனுப்பிடறேன்.”

கோபமாகச் சொல்லவில்லை. நாள் குறித்துச் சொன்னார், அவ்வளவுதான். அவர் படியிறங்கிப் போன பிறகு மேஜர் பெட்டியை மூடிவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். ஒரு வீட்டில் திருப்பிக் கொடுத்தால் மற்ற வீடுகளும் கேட்கும் என்றார். அவர் கணக்கில் அந்தக் கோட்டு போனால் அறையும் போனது போல.

செய்தி எழுதினேன். உள்பக்கத்தில், படத்தோடு வந்தது. சங்கத்தின் போன் இரண்டு நாள் விடாமல் அடித்தது. கேன்டீன் கார்டு புதுப்பிப்பது எப்படி, அரசியல்வாதி யாராவது வருகிறாரா, பித்தளைக் குண்டுகளை எடைக்குப் போடுவீர்களா. அலமாரி பற்றி ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் மட்டும் கேட்டார். தேக்கில் செய்யாதீர்கள், இரும்பில் செய்யுங்கள் என்று ஆலோசனை சொல்லி வைத்துவிட்டார். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மேஜர் மனு கொடுத்தார். அதை வாங்கிய அலுவலர் பொறுமையாகப் படித்து, நலநிதி மனிதர்களுக்கானது, பொருள்களுக்குச் செலவிட விதி இல்லை என்று விளக்கினார். அவர் சொன்னதில் தவறு இல்லை.

இந்த ஊரில் கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. மலையைச் சுற்றும் பாதையில் நடந்தால் ஒவ்வொரு பெஞ்சிலும், தண்ணீர்த் தொட்டியிலும், மண்டபத்து மின்விசிறியின் இறக்கையிலும் கூட ‘உபயம்’ என்று ஒரு குடும்பத்தின் பெயர் இருக்கும். அந்தப் பெயர்களைப் படித்துக்கொண்டே நடப்பது எனக்குப் பழக்கம். யார் எந்த வருஷம் செழித்தார்கள், எந்த வீட்டில் யார் இறந்தார்கள், எந்த அண்ணன் தம்பி பிரிந்துவிட்டார்கள் என்பதெல்லாம் அதில் தெரியும். ஆனால் கொடை போகும் வழிகள் இரண்டு. ஒன்று சாமிக்கு, இன்னொன்று வயிற்றுக்கு. இறந்துபோன ஒருவரின் கோட்டுக்கு அலமாரி என்பது இரண்டிலும் சேரவில்லை.

அடி அண்ணாமலையில் பௌர்ணமிதோறும் அன்னதானம் செய்யும் ஒரு ரைஸ் மில்காரரிடம் மேஜர் என்னையும் அழைத்துப் போனார். அண்டாக்களுக்கு நடுவில் நின்று அவர் கேட்டார்.

“பசிச்சவனுக்குச் சோறு போட்டா ‘நல்லா இருப்பா’னு சொல்லிட்டுப் போவான். பீரோ சொல்லுமா மேஜர்?”

“சொல்லாதுங்க. ஆனா காலையில திரும்ப வந்து பசிக்குதுன்னும் நிக்காது.”

மில்காரர் வாய்விட்டுச் சிரித்தார். பணம் தரவில்லை. சாப்பிடாமல் போகவும் விடவில்லை. சாம்பார் சாதத்தைப் பாக்குமட்டைத் தட்டில் வாங்கிக்கொண்டு சாலையோரம் நின்று சாப்பிட்டோம்.

கடைசியில் பணம் வந்தது ஒரு ஜவுளிக்கடை முதலாளியிடமிருந்து. தேரோடும் வீதியில் கடை. அவருடைய அப்பா இறந்து வருஷ திதி வரப்போகிறது. செய்தியை வெட்டி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார். நாங்கள் உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

“எல்லாரும் சோறு போடறாங்க சார். நானும் போட்டா எங்க நைனா பேரு அந்தக் கூட்டத்துல காணாமப் போயிடும். யாரும் செய்யாததா ஒண்ணு செய்யணும்னு பார்த்தேன். பேரு போட்டுக்கலாமில்ல?”

“எங்க வேணாலும் போட்டுக்கங்க முதலாளி” என்றார் மேஜர். சந்தோஷத்தில் பாதி எழுந்தே நின்றுவிட்டார். பட்டாளத்தில் பொருளின் மேல் பெயர் எழுதுவது என்றால் பெட்டி மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஒரு வரி. அவர் நினைத்தது அதுதான்.

அலமாரி தீபக் கொடியேற்றத்துக்கு முந்தைய வாரம் வந்தது. நல்ல அலமாரி. ஆள் உயரத்துக்கு மேல், இரும்புச் சட்டம், முன்னால் ஒரே கண்ணாடி, பூட்டு, உள்ளே விளக்கு. கடையில் பொம்மைகளுக்குச் செய்வது போலவே செய்யச் சொல்லியிருந்தார். பக்கவாட்டில் வரிசையாகத் துளை வைத்த பட்டி, அதில் கம்பியை ஏற்றி இறக்கி மாட்டலாம். மேஜர் கோட்டை ஹேங்கரில் போட்டு, பட்டன்களைப் போட்டு, மாட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார். மறுநாள் காலை திரும்பவும் செய்தார். இந்தத் தடவை குரல் வேறு மாதிரி இருந்தது. “வந்து பாருங்க சார்.”

ராத்திரி கேன்டீன் சாத்தும் முன் ஸ்டிக்கர்காரர் வந்து ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். கண்ணாடியின் நடுவில், சிவப்பு எழுத்து, மஞ்சள் ஓரம். மேலே ‘உபயம்’. அதன் கீழே ‘அமரர்’ என்று தொடங்கி முதலாளியின் அப்பா பெயர், மிகப் பெரிதாக. பிறகு மகன்கள், பேரன்கள், கடையின் பெயர், வீதி, போன் நம்பர். கோட்டின் கைகள் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரிந்தன. காலர் தெரிந்தது. நெஞ்சு தெரியவில்லை.

“டவுன் பஸ் பின்னாடி இருக்கற போர்டு மாதிரி கீது” என்றார் மேஜர். “அந்தம்மா ஞாயித்துக்கெழம பொண்ணோட வருது. முதலாளியும் அன்னைக்குத்தான் ரிப்பன் வெட்ட வராரு. வாங்கின கையோட, எடுங்கன்னு எப்படி சார் சொல்றது? நான்தான எங்க வேணாலும்னேன்.”

முதலாளி கெட்டவர் இல்லை என்பதுதான் சிக்கல். இந்த ஊரில் கொடுத்தவர் பெயர் கண்ணில் படும் இடத்தில் இருக்கும். கண்ணாடியில் கண்ணில் படும் இடம் நடு. ஸ்டிக்கர்காரருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பொருள் இருக்கிறது, அதைப் பார்க்கத்தான் கண்ணாடி என்பது யாருக்கும் தோன்றவில்லை. பெஞ்சில் பெயர் எழுதினால் உட்கார்வதற்குத் தடை இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்காரர்கள் சிலர், முதலாளி, அவர் மனைவி, நான். ரிப்பன் வெட்டியாகிவிட்டது. கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் மகளோடு படியேறி வந்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்து, நேராக அலமாரி முன்னால் நின்றார். மகள் ஒரு எட்டு பின்னால் நின்றாள். அந்தப் பெண் ஸ்டிக்கரை மேலிருந்து கீழ் வரை, போன் நம்பர் உட்பட, படித்தார்.

“அலமாரி யாரு குடுத்தது?”

மேஜர் முதலாளியைக் காட்டினார். முதலாளி கைகூப்பினார். அவரும் கைகூப்பினார்.

“ரொம்ப நல்லா செஞ்சிருக்கீங்கய்யா. பூச்சி போவாது. இந்தப் பேரு உங்க அப்பாதா?”

“ஆமாம்மா. போன வருஷம் போயிட்டாரு.”

“எம் புருஷன் பேரும் அதே எடத்துலதான் கீது. துணியில தெச்சிருக்குது. உங்க அப்பாரு மேல நின்னுகினு இருக்காரு.”

முதலாளி குனிந்து, எழுத்துகளுக்கு இடையில் இருந்த சந்து வழியாக உள்ளே பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் மனைவி முன்னால் வந்து, “மேல சட்டத்துல போடலாமே, தலைக்கு மேல” என்றார் மெதுவாக.

“ஆள வரச் சொல்லவா முதலாளி?” என்றார் மேஜர்.

“ஞாயித்துக்கெழம எந்த ஆளு வருவான்?” முதலாளி வாட்சைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார். நகத்தால் ‘உபயம்’ என்பதன் ஓரத்தைக் கிளப்பினார். எழுத்து வளைந்து உரிந்து வந்தது. விரலில் ஒட்டிக்கொண்டதை உதறப் போனவர் நிறுத்திவிட்டார். அடுத்து வருவது அப்பாவின் பெயர். தரையில் போட்டால் யார் காலாவது படும்.

அந்தப் பெண்ணும் மறு ஓரத்திலிருந்து உரிக்கத் தொடங்கியிருந்தார். உரித்த ஒவ்வொரு எழுத்தையும் முதலாளியிடம் நீட்டினார். அவர் அதை வாங்கித் தன் வெள்ளைச் சட்டையின் இடது கையில் ஒட்டிக்கொண்டார். வேறு இடம் அவருக்குத் தோன்றவில்லை என்று நினைக்கிறேன். வேலை முடிந்தபோது தோளிலிருந்து முழங்கை வரை சிவப்பும் மஞ்சளுமாக, வரிசை மாறிய எழுத்துகளில், அவர் அப்பா பெயர் இருந்தது.

“இப்ப உங்களுக்கும் நேம் டேப் வந்துடுச்சு முதலாளி” என்றார் மேஜர். முதலாளியின் மனைவிதான் முதலில் சிரித்தார்.

போன் நம்பரை மட்டும் கீழ் ஓரத்தில் விட்டுவிடலாம் என்று முதலாளி சொன்னார். அதற்கு யாரும் மறுப்பு சொல்லவில்லை.

மேஜர் விளக்கைப் போட்டார். கோட்டு முழுதாகத் தெரிந்தது. துணிப்பட்டி தெரிந்தது. அந்தப் பெண் மகளின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினார். மகள் கண்ணாடிக்கு எதிரே போய் நிமிர்ந்து நின்றாள். கோட்டின் தோள், அவள் தோளுக்குச் சரியாக நேரில் இருந்தது.

“என் உயரந்தானா?” என்றாள். ஏமாற்றமா ஆச்சரியமா என்று தெரியாத குரல்.

“இல்லடி. கீழ மாட்டியிருக்காங்க. அண்ணா, கம்பிய ஏத்துங்க.”

மேஜர் கண்ணாடியைத் திறந்து, கம்பியை எடுத்து அடுத்த துளையில் மாட்டினார். அந்தப் பெண் தானே கோட்டின் பக்கத்தில் போய் நின்றார். கன்னத்தை அதன் தோளுக்கு நேராக வைத்துப் பார்த்தார்.

“இன்னும் ஒண்ணு.”

மாட்டினார்.

“நான் அவரு தோளுக்குத்தான் வருவேன். நல்லா நெனப்பிருக்குது. இன்னும் ஒண்ணு ஏத்துங்க.”

மேஜர் ஒரு கணம் கோட்டின் கையைப் பிடித்துப் பார்த்தார். வருஷக்கணக்கில் ஆள் எடுத்து, சீருடை அளவு பார்த்துக் கொடுத்தவர். பிறகு கம்பியை மேலே ஏற்றினார். அதற்கு மேல் ஒரே ஒரு துளைதான் இருந்தது. அந்தப் பெண் கோட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு, “அதான்” என்றார். மகள் திரும்பவும் எதிரே நின்றாள். இப்போது அவள் நெற்றி, நெஞ்சில் இருந்த பெயருக்கு நேரே வந்தது. கண்ணாடியில் விரல் வைத்து அந்த உயரத்தை அளந்தாள். தன் தலையிலிருந்து காலர் வரை எவ்வளவு என்று இரண்டு முறை பார்த்தாள்.

“நல்ல உயரம்மா” என்றாள்.

“பின்ன?” என்றார் அம்மா.

கோட்டின் கீழே நிறைய இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு ஜோடி பூட்ஸ் வைக்கலாமா, பெட்டியில் வேறு ஒருவருடையது இருக்கிறது என்று சங்கத்துக்காரர் ஒருவர் கேட்டார். அந்தப் பெண் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறு ஆள் பூட்ஸ் எதற்கு.

அவர்கள் பஸ்ஸுக்குப் போன பிறகு, படியிறங்கும்போது, அவர் நிஜமாகவே அவ்வளவு உயரமா என்று மேஜரிடம் கேட்டேன்.

“அந்தக் கோட்டோட அளவு சின்னது சார்” என்றார். “கை நீளத்தப் பார்த்தாலே தெரியும். என்ன விடக் கம்மியாத்தான் இருந்திருப்பாரு.”

“சொல்லலையே?”

“சொல்லி? அவங்க கூட நின்னவங்க. நான் கோட்டுதான பாத்தேன்.” கேன்டீன் ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டு நின்றார். “இன்னொரு துளை இருக்குது சார் அதுல. கேட்டிருந்தா அதுக்கும் ஏத்தியிருப்பேன்.”